ரப்பர் புஷ்ஷும் அஷ்டபந்தனமும்

நாற்பது வருடம் ஓடிய ஸ்போர்ட்ஸ் காரில் இறுகி வெடித்த ரப்பர் புஷ், ஆட்டம் கண்ட பால் ஜாயிண்ட், எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினால், அது அதே கார்தானா? இல்லை என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து எதோடு வந்ததோ அதுதான் அசல் என்பது அவர்கள் கட்சி. ஆனால் புஷ் போன வண்டியை உத்திரமேரூர்ப் பக்கம் ஊருக்குள் திரும்பும் சாலையில் ஓட்டினால் தெரியும்: பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும், சக்கரம் நிற்கவேண்டிய கோணத்தில் நிற்காது, டயரின் ஓரம் மட்டும் தேயும். உருப்படி எல்லாம் அசல். வண்டி மட்டும் அசல் இல்லை. மாற்றாமல் விட்டதால்தான் அது வேறு வண்டியாகிவிட்டது.

கோயில் இதை எப்போதோ புரிந்துகொண்டது. மூலவருக்கும் பீடத்துக்கும் நடுவே சாத்தும் அஷ்டபந்தனம் கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் கல், நற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் சேர்த்து இடித்த மருந்து. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நெகிழ்ந்து கொடுப்பதுதான் அதன் வேலை. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் செய்வதும் அதையேதான். நெகிழ்வது தேயும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கத்தில் பழைய மருந்தைச் சுரண்டி எடுத்துப் புதிது சாத்துகிறார்கள். சாமி மாறிவிட்டது என்று எந்தப் பக்தரும் சொன்னதில்லை.

இதற்குக் கனமான மறுப்பு பௌத்தத்திலிருந்து வரும். மிலிந்த மன்னனிடம் துறவி நாகசேனர், அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இவற்றைச் சார்ந்து வழங்கும் வெறும் பெயரே தேர் என்று நிறுவுகிறார். அப்படியானால் ‘அதே கார்’ என்ற பேச்சே வீண். எந்த உருப்படியிலும் கார் ஒளிந்திருக்கவில்லை என்பதில் அவரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் உருப்படிகளுக்கு இடையிலுள்ள ஒழுங்கு வெறும் பெயரல்ல; சக்கரக் கோணத்தை அளக்கலாம், பிசகினால் ஸ்டீயரிங் காட்டிக்கொடுக்கும். உருப்படி மாறியும் ஒழுங்கு நிற்பதற்குக் காருக்கு வெளியேயும் சான்று உண்டு. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ஊரின் பகுதிகளான முப்பது குடும்புகளிலிருந்து குடவோலையால் எடுக்கப்படும் ஊர்ச் சபை வாரியத்தாருக்குப் பதவி 360 நாள். முந்தைய மூன்றாண்டில் வாரியம் செய்தவருக்கு மறுபடி இடமில்லை. ஆட்கள் மாறினாலும் சபை நீடித்தது என்பது மட்டுமல்ல, சபை சபையாக இருக்கவே ஆட்கள் மாறவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் எதை வேண்டுமானாலும் மாற்றலாமா என்று கேட்பார்கள். கூடாது. ரப்பருக்குப் பதில் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போட்டால் வளைவில் வண்டி விறைப்பாக நிற்கும். கூடவே சாலையின் அதிர்வு சேஸிஸுக்கு ஏறும். நெகிழவேண்டிய இடத்தில் நெகிழ்வதுதான் வரவேண்டும். அஷ்டபந்தனம் இருக்கவேண்டிய இடத்தில் சிமென்ட் பூசுவது புதுப்பித்தல் ஆகாது. சேஸிஸையே மாற்றினால்? வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்த ஹெரால்டுக்கும், அதே வழிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கும் சேஸிஸ் தனி, பாடி தனி. துரு முற்றினால் இந்தக் கேள்வி நிஜமாகவே எழும். இங்கே என் வாதம் கொஞ்சம் தள்ளாடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். திருப்பணி தொடங்குமுன் கோயிலில் பாலாலயம் செய்து, இறைவனின் ஆற்றலைக் கும்பத்துக்கோ அத்திப்பலகைக்கோ மாற்றி வைக்க வழி உண்டு. கார்க்காரருக்கு இருப்பது ஆர்.சி. புத்தகம் மட்டும், அதிலும் எழுதியிருப்பது சேஸிஸ் எண்.