எவர் உடலிற் கற்பது?

மருத்துவன் ஒருவனது முதல் ஊசி எவருடைய கையில் ஏறியது என்பதை மருத்துவ வரலாறு பதிந்து வைப்பதில்லை. பெரும்பாலும் அது ஏழை ஒருவரின் கையாகவே இருந்திருக்கும். பணம் படைத்த நோயாளி அனுபவம் மிக்கவரைத் தேடிச் செல்வார். இலவச வாட்டிற் கிடப்பவரோ கற்போருக்குப் பாடநூலாகின்றார். எடின்பரோவில் பேர்க், ஹெயர் என்னும் இருவர் பிணங்களை விற்பதற்காகவே கொலைகள் புரிந்தமை 1828 இல் அம்பலமாயிற்று. அதன்பின் 1832 இல் பிரித்தானியா இயற்றிய உடற்கூற்றியற் சட்டம், வறியோர் விடுதிகளில் இறந்து உரிமைகோருவாரின்றிக் கிடந்த உடல்களை அறுத்துக் கற்க வழிவிட்டது. அறுபட்ட உடல்களின் வர்க்கம் மட்டும் மாறவில்லை.

உயிருடலுக்குப் பதிலி தேடும் முயற்சி புதியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரான்சிய மருத்துவிச்சியான மடம் து கூட்ரே, துணியாலும் தோலாலும் செய்த பிரசவப் பொம்மையுடன் ஊரூராகச் சென்று கிராமப் பெண்களுக்குக் கற்பித்தார். இன்றைய மிகைமெய்க் கண்ணாடி, பயிற்சிப் பொம்மையின் மேல் நாளங்களையும் எலும்புகளையும் வரைந்து காட்டுகின்றது. கையிற் பிடித்த கருவியோ, ஊசி தோலைத் தொடுகையில் எதிர்த்து நின்று, துளைத்ததும் சட்டென இளகுகின்றது. கண்ணை ஏமாற்றச் செக்கனுக்குச் சில பத்துப் படங்கள் போதும். கடினமான பொருளைத் தொட்டதாகக் கையை நம்பவைப்பதற்கோ, விசையைச் செக்கனுக்கு ஏறத்தாழ 1000 முறை கணித்தல் வேண்டும். கை, கண்ணிலும் கண்டிப்பான நீதிபதி போலும்.

இத்தகைய பயிற்சியால் மனிதத் தொடுகை அழிந்துவிடும் எனச் சிலர் வருந்துகின்றனர். பிறர் கைபழகுவதற்குத் தம் உடலைக் கொடுத்தறியாதோரின் வருத்தம் அது. பித்தப்பைச் சத்திரசிகிச்சை பயின்ற 16 பேரை வைத்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்து 2002 இல் வெளியான ஆய்வொன்றில், வழமையான பயிற்சி மட்டும் பெற்றோர் பித்தப்பையைக் காயப்படுத்தவோ பிற இழையங்களைச் சுட்டுவிடவோ கூடிய வாய்ப்பு, கணினிப் பொறியிற் பயின்றோரைவிட ஐந்து மடங்காகக் காணப்பட்டது. அப்பொறியோ விசையைக் கைக்கு உணர்த்தாது, காட்சியை மட்டுமே தந்த பொறி. தவிர்க்கக்கூடிய காயத்தை நோயாளியின் உடலில் நிகழவிடுவதற்கு எந்தத் தத்துவமும் நியாயம் கூறாது.

எனினும், தொடுகை இருவழிப்பட்டது. பொறி கற்போனது கைக்கு விடையிறுக்கின்றது. ஆனால், அங்கே தொடப்படுபவர் எவருமிலர். நாளம் அகப்படாமல் இருமுறை குத்து வாங்கிய மூதாட்டி, “காணும் தம்பி, விடுங்கோ” என்கின்றாள். பொறிக்கும் ஒரு முனகலைப் பதிந்து வைக்கலாம் என்பர். வைக்கலாம், ஆனால், அவள் வாய்ச்சொல் வெறும் வலியின் ஒலியன்று, மறுக்கும் உரிமையுடையவள் ஒருத்தியின் சொல். அவ்வுரிமையை எச்சமன்பாட்டாலும் ஆக்கிவிடல் இயலாது.

பொறி எத்துணை நுட்பமாயினும், முதலாவது மனித உடல் என ஒன்று எஞ்சியே தீரும். ஆபத்து இங்குதான் உள்ளது. பொறி அளித்த புள்ளிகளைக் கண்டு தன் கற்றல் முற்றிற்று என எண்ணும் மாணவன், தான் கற்போன் என்பதை மறைப்பதற்கு நல்லதொரு சாக்கினைப் பெறுகின்றான். உண்மையைச் சொன்னால் எல்லோரும் மறுப்பர், பின் மருத்துவர் உருவாவது எங்ஙனம் என்ற வினா எழும். நியாயமான வினாவே. ஆயினும், சுமையைச் செல்வர்க்கும் வறியோர்க்கும் பொதுவாக்குவதற்கன்றி, சுமப்பவரிடம் அதை மறைப்பதற்கு அவ்வினா இடந்தராது.

முந்திய தலைமுறை மாணவனுக்குக் கட்டிலருகே சொல்ல இயலாத ஒன்றை இன்றைய மாணவன் சொல்லலாம்: “ஆச்சி, பொறியில் நூறுதரம் செய்து பழகியிருக்கிறன்; மனிசர் கையில இதுதான் முதல்தரம். குத்தலாமோ?” அவள் கையை நீட்டலாம், மடக்கிக்கொள்ளவும் செய்யலாம். மடக்கினால் அதே வினாவுடன் அடுத்த கட்டிலுக்குச் செல்ல வேண்டியதுதான். அக்கட்டில் கட்டணம் செலுத்துவோர் பிரிவில் இருப்பினும்.