சுவர் இடிந்த பின்னும்

ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று விசுவாச அறிக்கை சொல்கிறோம். ஒரே திருச்சபையையும் ஒரே திருமுழுக்கையும் ஏற்பதாக வாயார அறிக்கையிடுகிறோம். ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறோம். ஆலய வாசலைக் கடந்து தெருவில் கால் வைத்ததும், அந்த 'ஒரே' என்னும் சொல் எங்கே போய்விடுகிறது?

இக்கேள்வி புதியதன்று. புதுச்சேரி ஆலயத்தினுள் சாதிக் கிறிஸ்தவர்களையும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரித்து நின்ற ஒரு சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1745 அக்டோபரில், காரைக்காலிலிருந்து வந்திருந்த குரு ஒருவர் தந்த ஊக்கத்தால், ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டு சென்று பெரிய குருவிடம் முறையிட்டனர். ஆண்டவர் பார்க்காத வேற்றுமையை ஆலயம் பார்க்கலாமா என்பதே அவர்களின் வழக்கு. அது நியாயமென்று கண்ட குருவானவர் சுவரை இடிக்கச் செய்தார். தலத்தெருவிலும் காரைக்காலிலும் வாழும் நமக்கு இது அயலூர்க் கதையன்று.

சுவர் இடிந்தது, மனம் இடியவில்லை. 1872இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரு கிளைகளாக அமைந்த ஆலயம் எழுந்தது. சாதிக்கொரு கிளை! பின்னாளில் தடுப்பு அகற்றப்பட்டபோது, தனியிடம் கோரியவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2008 மார்ச் 9 அன்று, நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதையொட்டி எழுந்த கலவரத்தில் காவல்துறை சுட்டு இருவர் மாண்டனர். இரு தரப்பாரும் செபமாலை சொல்லும் கைகளை உடையவர்களே.

விசுவாசத்திற்கும் வாழ்வுக்கும் இடைவெளி உண்டு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மனிதன் பலவீனன் என்பதே அதற்கு நாம் தரும் சமாதானம். ஆனால் பலவீனத்திற்கு ஓர் அடையாளம் உண்டு: அது வெட்கப்படும். பொய் சொன்னவர், கோபத்தில் கை நீட்டியவர், திருப்பலியைத் தவறவிட்டவர் ஒப்புரவு அருட்சாதனத்தில் அதை அறிக்கையிடுகிறார். 'என் மகன் விரும்பிய பெண்ணை அவள் சாதிக்காக மறுத்தேன்' என்று எத்தனை பேர் முழந்தாளிட்டுச் சொல்லியிருப்போம்? சொல்வதில்லை, ஏனெனில் அதை நாம் பாவமென்றே எண்ணுவதில்லை. வழக்கம் என்கிறோம், குடும்ப மானம் என்கிறோம். ஆகவே இது விசுவாசத்தைக் கடைப்பிடிக்க இயலாமை அன்று. இன்னொரு விசுவாசத்தைத் தவறாமல் கடைப்பிடிப்பது. அந்த விசுவாச அறிக்கையை நாம் ஆலயத்தில் சொல்வதில்லை. வரன் தேடும்போதும், பந்தியில் இலை போடும்போதும், கல்லறைத் தோட்டத்தில் குழிக்கு இடம் குறிக்கும்போதும் சொல்கிறோம்.

அந்தியோக்கியாவில் இராயப்பரும் இவ்விடத்திலேதான் தடுமாறினார். அவர் ஒரு தவறான போதனையையும் போதிக்கவில்லை. சிலருக்கு அஞ்சி, புறவினத்தாரோடு உண்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அவ்வளவே. ஆயினும் சின்னப்பர் அதை உணவு பற்றிய சிறு செய்தியாகக் கருதவில்லை. நற்செய்தியின் உண்மையிலிருந்து விலகும் செயலாகவே கண்டு, எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். திருச்சபையின் தலைவருக்கே விட்டுக்கொடுக்கப்படாத சலுகையை நாம் நமக்கு வழங்கிக்கொள்வது எங்ஙனம்?

தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினரில் சேர்க்காத 1950ஆம் ஆண்டு ஆணையை எதிர்த்து நாம் அரசிடம் நீதி கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால், 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே நிலவும் சாதி வேற்றுமையைக் குறித்து எச்சரித்தது அரசையன்று, நம்மையே.

ஆலயச் சுவரை இடிக்க ஒரு குருவின் ஆணை போதுமாயிருந்தது. வீட்டுச் சுவருக்கு அந்த ஆணை செல்லாது. அதை எழுப்பியவர்கள் நாம்; இடிக்க வேண்டியவர்களும் நாமே. அடுத்த முறை பாவங்களை நினைவுகூர அமரும்போது, நம் வீட்டுப் பந்தியில் இதுவரை யார் அமர்ந்ததில்லை என்பதையும் எண்ணிப் பார்ப்போம். அந்தப் பட்டியலோடு அருட்சாதனத்துக்குப் போவோம்.