கைவிடுவதும் கையை விடுவதும்



உபவாச ஜெபம் முடிந்து போகும்போது விசுவாசிகள் அடிக்கடி என்னிடத்தில் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. "பாஸ்டர், இரட்சிக்கப்பட்ட புதுசுல கேட்டதெல்லாம் உடனே கிடைச்சுது. இப்ப மாசக்கணக்கா ஜெபிக்கிறேன், பதிலைக் காணோம். கர்த்தர் என்னைக் கைவிட்டுட்டாரா?" பெற்றோர் கேட்பது வேறு. "பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போறேங்கிறான். பொண்ணு சென்னையில ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கணுங்குது. எப்படி பாஸ்டர் தனியா அனுப்புறது?"

இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றே. கைவிடுவதும் கையை விடுவதும் ஒன்றுதானா?

இதற்கு நம்முடைய ஆற்றங்கரையிலேயே தேவன் ஒரு பாடம் வைத்திருக்கிறார். ஊரார் கருடன் என்று சொல்லுகிற செம்பருந்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் தலை, செங்கல் நிற இறக்கை. மார்கழி தொடங்கி சித்திரை வரைக்கும் அது குஞ்சு பொரிக்கிற காலம். நம் பக்கத்தில் சம்பா அறுவடை நடக்கிற காலமும் அதுதான். வெண்ணாற்றங்கரையில் ஒரு உயரமான மரத்தில் அது கட்டின கூட்டை நான் வாரக்கணக்கில் கவனித்து வந்தேன்.

அந்தத் தாய் சுமார் 27 நாள் அடைகாக்கும். குஞ்சு பொரித்தபின் ஏழெட்டு வாரம் தாயும் தகப்பனும் மீன், நண்டு, தவளை, வயல் எலி என்று கொண்டுவந்து ஊட்டும். முதலில் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து வாயில் கொடுக்கும். பிறகு இரையை முழுசாகக் கூட்டில் போட்டுவிடும், குஞ்சுதான் கிழித்துத் தின்ன வேண்டும். இறக்கை முளைத்ததும் குஞ்சு கூட்டின் ஓரத்தில் நின்று, கால் நகத்தால் குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே படபடவென்று அடித்துப் பார்க்கும். பிடியை மட்டும் விடாது! அப்புறம் பக்கத்துக் கிளைக்கு ஒரு தாவல். ஒரு நாள் பிடியை விட்டுப் பறந்துவிடும்.

தாய்ப் பறவை குஞ்சை முதுகில் ஏற்றி உயரக் கொண்டுபோய்க் கீழே தள்ளிவிடும் என்று பல மேடைகளில் கேட்டிருக்கிறோம். நான் பார்த்தவரைக்கும் எந்தத் தாயும் தள்ளவில்லை. இரையோடு வந்து பக்கத்து மரத்தில் உட்கார்ந்தது, அவ்வளவுதான். குஞ்சு கத்தித் தீர்த்தது. கடைசியில் பசி அதைக் கிளையிலிருந்து கிளப்பியது.

கவனியுங்கள் பிரியமானவர்களே. ஆகாரம் நிற்கவில்லை, ஆகாரம் இருந்த இடம்தான் கொஞ்சம் தள்ளிப் போனது. கூட்டை விட்ட பிறகும் ஏறக்குறைய இரண்டு மாதம் பெற்றவை அதைப் போஷிக்கும். அந்த நாட்களில் இளம் பருந்து காய்ந்த இலையைக் காலில் பிடித்துக்கொண்டுபோய், ஆகாயத்தில் விட்டு, தானே பாய்ந்து பிடித்து விளையாடும். பார்க்கிறவர்களுக்கு அது விளையாட்டு, அதற்கோ வேட்டைக்குப் பயிற்சி. மீன் பிடிக்கிறபோது செம்பருந்து சிலசமயம் தண்ணீரிலேயே விழுந்துவிடும். ஆனாலும் இறக்கையால் நீந்தி எழும்பிவிடும்.

தாய்ப் பறவை செய்கிற இந்த வேலையை மனுஷன் செய்ய வேண்டி வந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் அப்படி ஒரு காரியம் நடந்தது. வல்லூறு என்கிற வேகமான பறவை, இரையின்மேல் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் இறங்கும். வயல்களில் அடித்த டி.டி.டி. மருந்து பூச்சியிலிருந்து குருவிக்கும், குருவியிலிருந்து வல்லூறுக்கும் போய்ச் சேர்ந்தது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கிற தாயின் பாரத்திலேயே நொறுங்கியது. 1960-களில் அந்த தேசத்தின் கிழக்குப் பகுதியில் கூடு கட்ட ஒரு ஜோடிகூட மிஞ்சவில்லை. 1972-ல் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். டாம் கேட் என்ற பேராசிரியரும் அவரோடிருந்தவர்களும் குஞ்சுகளை வளர்த்து, மலைப்பாறைகளிலும் பட்டணத்து உயரமான கட்டடங்களிலும் பெட்டி வைத்து, ஆயிரக்கணக்கில் விட்டார்கள்.

தாயில்லாத அந்தக் குஞ்சுகளுக்கு எப்படி ஆகாரம் கொடுத்தார்கள் தெரியுமா? ஆள் மறைந்து நின்று குழாய் வழியாக இரையைப் போட்டார்கள். போஷிக்கிறவனுடைய முகத்தைக் குஞ்சு பார்க்கக் கூடாது. பார்த்தால் மனுஷனையே நம்பி, மனுஷன் பின்னாலேயே வரும், பறவையாக வாழாது. பெட்டியைத் திறந்துவிட்ட பிறகும், தானாக வேட்டையாடுகிற வரைக்கும் வாரக்கணக்கில் அங்கே இரை வைத்தார்கள். தூரத்தில் இருந்து கண்காணித்தார்கள். 1999-ல் அழிந்துபோகிற பறவைகளின் பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுத்துவிட்டார்கள். இன்றைக்குப் பட்டணத்துக் கட்டடங்களில் அது கூடு கட்டுகிறது.

இந்த இடத்தில் ஒரு கடினமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். பறக்கக் கற்றுக்கொண்ட வல்லூறுகளில் பாதியோ அதற்கு மேலோ முதல் வருஷத்துக்குள் செத்துப்போகும். அப்படியானால் விடுவது அன்புதானா? கூட்டிலேயே வைத்திருந்தால் பிழைக்குமே என்று நம் மனசு சொல்லும். ஆனால் கூட்டிலேயே இருக்கிற பறவையும் பிழைத்ததாக எண்ணப்படாது. இறக்கை கொடுத்தவர் ஆகாயத்துக்கென்றே கொடுத்தார். ஆபத்து இல்லை என்பதால் நாம் பிள்ளைகளை அனுப்புவதில்லை. அவர்கள் நம்முடைய சொத்து அல்ல, கர்த்தருடைய சுதந்தரம் என்பதால் அனுப்புகிறோம்.

அன்னாளைப் பாருங்கள். அழுது பெற்ற ஒரே பிள்ளையைப் பால் மறந்ததும் சீலோவில் விட்டுவிட்டு வந்தாள். அவள் கைவிட்டாளா? 1 சாமுவேல் 2:19-ஐ வாசியுங்கள். வருஷந்தோறும் பிள்ளையின் அளவுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். அவன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று வீட்டிலிருந்தே கணக்குப் போட்ட தாய் அவள். லூக்கா 15-ல் வருகிற தகப்பனும் மகனைக் கட்டிப்போடவில்லை, ஆஸ்தியைப் பங்கிட்டுக் கொடுத்து அனுப்பினான். மகன் திரும்பி வருகிறபோது தூரத்திலேயே கண்டுகொண்டான் என்றால், அந்தக் கண் வழியை விட்டு அகலவில்லை என்றுதானே அர்த்தம்? கைவிடுகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை. கையை விடுகிறவனோ கண்ணை எடுப்பதில்லை.

நம் கர்த்தரும் சீஷரைவிட்டுப் போனார். தாம் போவது அவர்களுக்குப் பிரயோஜனம் என்றும் சொன்னார் (யோவான் 16:7). மூன்றரை வருஷம் கூடவே நடந்தவர் கண்ணுக்கு மறைந்தார். ஆனால் பரிசுத்த ஆவியானவரை அனுப்பினார், மேல்வீட்டில் ஒளிந்திருந்தவர்கள் தெருவுக்கு வந்து சாட்சி சொன்னார்கள். ஜெபத்துக்குப் பதில் தாமதிக்கிறது என்று கலங்குகிற சகோதரியே, ஆகாரம் நின்றுபோகவில்லை. பக்கத்துக் கிளையில் இருக்கிறது. எழும்புங்கள்!

ஊழியக்காரருக்கும் இதில் ஒரு வார்த்தை உண்டு. மாடு வாங்கவும், பஸ் ஏறவும், "பாஸ்டர் ஜெபிச்சாதான் நடக்கும்" என்று சொல்லுகிற சபை, முகத்தைப் பார்த்துவிட்ட குஞ்சு. எபிரெயர் 5:12-ல் கடிந்துகொள்ளப்படுகிற பால் குடிக்கிற விசுவாசிகள் இப்படித்தான் உண்டாகிறார்கள். ஆகையால் வருகிற மாதம் முதல் நம்முடைய வீட்டுக் கூட்டங்களை வாலிபரும் சகோதரிகளும் முறைவைத்து நடத்துவார்கள். தடுமாறட்டும், வசனம் தேடத் திணறட்டும். நான் கடைசிப் பாயில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருப்பேன்.

அவர்களைச் சீக்கிரம் நியாயந்தீர்க்க வேண்டாம். இளம் செம்பருந்து பழுப்பு நிறமாகவே இருக்கும், கள்ளப்பருந்து என்று நினைத்துவிடுவோம். வெள்ளைத் தலையும் செந்நிறமும் வர மூன்றாம் வருஷம் ஆகும்.

பிள்ளையை வெளியூருக்கு அனுப்புகிற பெற்றோரே, பயத்தைக் கட்டிக் கொடுக்காதிருங்கள். ஒரு வேதாகமத்தையும், இராத்திரி எந்நேரமும் போன் எடுப்போம் என்ற வாக்கையும் கொடுத்து அனுப்புங்கள். கர்த்தர் தாமே உங்கள் பிள்ளைகளின் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென், அல்லேலூயா!