யாருடைய நிம்மதிக்காக இந்த மருந்து?



நாயகத் தோழர் ஹள்ரத் அனஸ் (ரலி) அவர்கள் பத்து வயதுச் சிறுவராக இருக்கையில், அவர்களுடைய தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் தம் மகனை அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பணிவிடைக்கென ஒப்படைத்தார்கள். ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வேலையாகப் போய்வரச் சொன்னபோது, சிறுவர் அனஸ் போகமாட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டார். மனத்திலோ போக வேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது. புறப்பட்டவர், கடைத்தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடிக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால், அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் சிரித்த முகத்துடன் நிற்கிறார்கள்! செல்லமாகப் பெயரைச் சுருக்கி அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று மட்டும் கேட்டார்கள். இதோ போகிறேன் என்று அவரும் கிளம்பினார். முஸ்லிம் ஷரீஃபிலும் அபூதாவூதிலும் காணப்படும் செய்தி இது. ஏறக்குறைய பத்தாண்டுப் பணிவிடையில் ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு முறைகூடத் தம்மைக் கேட்டதில்லை என அனஸ் (ரலி) அவர்களே பிற்காலத்தில் சாட்சி பகர்ந்தார்கள்.

சொல்லுக்கு எதிர்ச்சொல், ஏவிய வேலை போகும் வழியிலே நிற்றல், விளையாட்டைக் கண்டால் கால் நகராமை. இவை சிறுவர்களின் இயல்பு. இவ்வியல்புள்ள பிள்ளைகளுக்கு இன்று உலகின் பெரும் நாடுகளில் என்ன நேர்கிறது என்பதை நாம் அறிந்துகொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் 3 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 70 லட்சம் பேருக்கு, அதாவது ஒன்பதில் ஒருவருக்கு, கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த ஏ.டி.ஹெச்.டி. என்னும் கோளாறு இருப்பதாக ஏதோ ஒரு சமயத்தில் முடிவு சொல்லப்பட்டிருக்கிறது என்று 2022ஆம் ஆண்டின் அந்நாட்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது. அவ்வாண்டு அக்கோளாறு உள்ளதாகக் கூறப்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் அதற்கென மருந்து உட்கொண்டார்கள். நடத்தைப் பயிற்சி பெற்றவர்களோ பாதிக்கும் குறைவு.

இந்த மருந்துகளின் வரலாறும் விசித்திரமானது. 1937இல் ரோட் ஐலண்ட் மாநிலத்துக் குழந்தைகள் காப்பகம் ஒன்றில், சார்ல்ஸ் பிராட்லி என்ற மருத்துவர் 30 குழந்தைகளுக்கு பென்ஸட்ரின் கொடுத்துப் பார்த்தார். அதைத் தலைவலிக்கெனத் தொடங்கியிருந்தார். தலைவலி அப்படியே இருக்க, 14 குழந்தைகளின் பள்ளிப் படிப்பில் வியக்கத்தக்க மாறுதல் தென்பட்டது. பின்னர் மெத்தில்பெனிடேட் வந்தது. ரிட்டாலின் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. பலரும் எண்ணுவதுபோல் இவை உறக்கம் தரும் மருந்துகள் அல்ல. மூளையைத் தூண்டிவிடும் மருந்துகள். பசியைக் குறைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், நாடித்துடிப்பை ஏற்றும். நெடுநாள் உட்கொள்ளும் பிள்ளைகளில் சிலருக்கு வளர்ச்சி சற்றுக் குன்றுவதும் உண்டு.

"மருந்து கொடுத்ததும் பையன் அடங்கி உட்கார்ந்து படிக்கிறானே, அப்படியானால் அவனுக்கு நோய் இருந்தது உண்மைதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. 1978இல் ஜூடித் ராபபோர்ட் என்ற அமெரிக்க மருத்துவ அம்மையாரும் அவருடைய குழுவினரும் எந்தக் கோளாறும் இல்லாத 14 சிறுவர்களுக்கு இவ்வகை மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களும் அடங்கினார்கள், கவனமும் கூடியது! ஆகவே மருந்துக்குப் பிள்ளை அடங்கியதை நோய்க்கு அத்தாட்சியாகக் கொள்ள முடியாது. காய்ச்சல் இல்லாதவனும் விசிறியடியில் குளிர்ச்சி பெறத்தான் செய்வான்.

இன்னொன்றையும் கேளுங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் 5 வயது நிறைந்த பிள்ளையைத்தான் பள்ளியில் சேர்ப்பார்கள். ஆகஸ்டில் பிறந்த பிள்ளை வகுப்பிலேயே மிகச் சிறியது. செப்டம்பரில் பிறந்ததோ ஏறக்குறைய ஒரு வயது மூத்தது. நான்கு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். அம்மாநிலங்களில் ஆகஸ்ட் பிள்ளைகளுக்கு இந்நோய் இருப்பதாகச் சொல்லப்பட்டது, செப்டம்பர் பிள்ளைகளைவிட 34 சதவிகிதம் அதிகம். அந்த வயது வரம்பு இல்லாத மாநிலங்களில் இவ்வேற்றுமை காணப்படவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 2012இல் இதே உண்மை வெளிப்பட்டது. பிறந்த மாதம் ஒரு நோயா? ஒரு வயது இளைய பிள்ளை ஒரு வயது இளைய பிள்ளையைப் போல நடந்துகொண்டதற்கு மருந்துச் சீட்டு எழுதப்பட்டிருக்கிறது!

ஷரீஅத் இவ்விடத்தில் என்ன கூறுகிறது? பருவமடையாத பிள்ளையை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நாமெல்லாம் அறிந்த ஹதீது. பதிவு செய்யும் மலக்குகளே குற்றமாக எழுதாத ஒன்றை, ஆசிரியரும் அண்டை வீட்டாரும் குற்றமாக எழுதிக்கொண்டு வருகிறார்கள். நம் மக்தபுகளிலும் இக்குறை இல்லாமலில்லை. ஓர் இடத்தில் உட்காராத பிள்ளைக்கு ஷைத்தான் என்று பெயரிடும் உஸ்தாதுமார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மக்தப் விட்டு வந்த பிள்ளையை விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிக்க வைப்பது அதன் உள்ளத்தைச் சாகடித்து அறிவை மழுங்கடித்துவிடும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எச்சரித்திருக்கிறார்கள்.

இனி விஷயத்தின் உயிர்நாடிக்கு வருவோம். பிள்ளைக்குத் தானே சம்மதம் தரும் தகுதி இல்லை. அதன் சார்பில் வலீ, அதாவது பொறுப்பாளர், முடிவு செய்கிறார். அந்த அதிகாரத்துக்கு ஃபிக்ஹு சட்டம் ஒரு வேலி கட்டியிருக்கிறது. அநாதையின் பொருளை அதற்கு மிக நலமான முறையிலன்றி நெருங்கக்கூடாது என்பது அல்லாஹுத் தஆலாவின் கட்டளை. இதனை வைத்து, வலீயின் ஒவ்வொரு செயலும் அப்பிள்ளையின் நலனுக்காகவே இருக்க வேண்டும் என்று ஃபுகஹாக்கள் வகுத்தார்கள். ஒரு பிள்ளையின் நான்கு காசுக்கே இவ்வளவு காவல் என்றால், வளர்ந்துகொண்டிருக்கும் அதன் மூளைக்கு எவ்வளவு காவல் வேண்டும்! எனவே மருந்தைக் கையில் எடுக்கும் பெற்றோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இது யாருடைய நிம்மதிக்காக? பிள்ளையின் துன்பம் தீரவா, ஆசிரியரின் வகுப்பு அமைதியாக நடக்கவா, நாம் மாலையில் களைப்பாறவா? முந்தியதற்கென்றால் மருந்து கூடும், சில வேளை கடமையாகவும் ஆகும். பிந்திய இரண்டுக்கென்றால் அது அமானத்தில் கைவைப்பதாகும்.

அநாதைகள் என்று ஏன் குறிப்பாகச் சொல்கிறோம்? அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2011இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். ஃப்ளோரிடா, மாசசூசெட்ஸ், மிச்சிகன், ஓரிகன், டெக்சஸ் ஆகிய ஐந்து மாநிலங்களில், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளுக்கு மனநோய் மருந்துகள் தரப்பட்ட விகிதம், அரசு மருத்துவ உதவி பெறும் மற்ற ஏழைப் பிள்ளைகளுடையதைவிட 2.7 மடங்கு முதல் 4.5 மடங்கு வரை அதிகமாக இருந்தது. ஒரே காலத்தில் ஐந்தும் அதற்கு மேலுமான மருந்துகள் பல நூறு பிள்ளைகளுக்கு எழுதப்பட்டிருந்தன. வீட்டை இழந்து வந்த பிள்ளைகளில் பலருக்குத் துன்பம் மிகுதி என்பது மெய்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் அழும் பிள்ளையை மடியில் தூக்கிவைக்க ஆளில்லாத இடத்தில் மாத்திரை அந்த மடியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. 2013இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி, குழந்தைகளுக்கென அங்கீகாரம் பெறாத காலத்திலேயே ரிஸ்பெரிடோன் மருந்தை அவர்களுக்காக விளம்பரப்படுத்தியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளை முடித்துக்கொள்ள 220 கோடி டாலருக்கு மேல் செலுத்த ஒப்புக்கொண்டது. பிள்ளைக்கு மருந்து கொடுத்தால்தான் பள்ளியில் சேர்ப்போம் என்று நிர்ப்பந்திக்கக் கூடாதென 2004இல் அந்நாடு ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, மனநோய்க்கு மருந்தே வேண்டாம் என்று ஹஜ்ரத் எழுதிவிட்டார் என யாரும் கிளம்பிவிட வேண்டாம். நோயை இறக்கிய அல்லாஹ் நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நாயக வாக்கின் கருத்து. மருந்தைப் புறக்கணித்ததால் வந்த வினையும் நம் சமூகத்துக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்கா அருகே தனியார் நடத்திய காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் மாண்டார்கள். இறந்தோர் 28 பேர். சங்கிலியும் தேவையற்ற மாத்திரையும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மெய்யாகவே ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். சாலையில் கண்மூடித்தனமாக ஓடி அடிபடுபவர்கள், எவ்வளவு முயன்றும் ஒரு வரி எழுத முடியாமல் தம்மைத் தாமே வெறுக்கத் தொடங்குபவர்கள் அவர்களில் உண்டு. அத்தகைய பிள்ளைக்குத் தகுந்த மருத்துவர் அளந்து தரும் மருந்து அல்லாஹ்வின் நிஃமத்தாகும். அதை மறுப்பதும் அநீதியே.

ஆகவே ஆராய்ந்து செய்யுங்கள். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும் என்பது மருத்துவர்களே வகுத்த அளவுகோல். பள்ளியில் மட்டும் துள்ளுகிற பிள்ளையென்றால் பள்ளியை விசாரியுங்கள். கண்ணும் காதும் சரியாக உள்ளனவா, இரவில் போதிய உறக்கம் உண்டா, வீட்டில் அடிதடி, சண்டை, பிரிவு ஏதும் பிள்ளையை வாட்டுகிறதா என்று பாருங்கள். நள்ளிரவு வரை கைப்பேசி பார்த்த பிள்ளை காலையில் கவனமாக இருக்குமா? ஆறு வயது நிரம்பாத குழந்தைக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான், மருந்து பிறகு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே கூறுகிறது.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. பயணத்திலும் கல்யாண வீட்டிலும் பிள்ளை படுத்தாமல் தூங்கட்டும் என்று சளி மருந்து சிரப்பைப் புகட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக்கார அம்மா சொன்னார் என்பதே மருந்துச் சீட்டாகிவிடுகிறது. ப்ரோமெத்தஸின் என்ற மருந்தால் மூச்சு நின்று உயிர் போகும் அபாயம் உண்டென்பதால், 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாதென அமெரிக்க மருந்துத் துறை 2004இல் எச்சரித்தது. குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என்று நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் ஈடு கொடுக்கும் பொறுப்பாளி ஆவார் என்ற ஹதீது வைத்தியருக்கு மட்டும் வந்ததல்ல. ஸ்பூனைப் பிடித்திருக்கும் கைக்கும் அது பொருந்தும்.

ஏற்கெனவே இவ்வகை மருந்து உட்கொண்டு வரும் பிள்ளைகளின் பெற்றோர், இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவதே கேடு. எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே சென்று, எதற்காகக் கொடுக்கிறீர்கள், எவ்வளவு காலம், எடையும் உயரமும் எப்போது பார்ப்பீர்கள், குறைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்பதற்குப் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை சாப்பிட்ட நேரத்தில் தனக்கு எப்படி இருக்கிறது என்று அதுவே வாய்விட்டுச் சொல்லட்டும்.