பின்வாங்கலின் திசை

ஒற்றை எஞ்சின் விசைப்படகு முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்வரை அதன் சுபாவம் நமக்குத் தெரிவதில்லை. சுக்கானைத் திருப்பிய பக்கம் இணங்கிப் போகிறது. கரையோரம் வந்து, வேகம் குறைத்து, நிறுத்துவதற்காக ரிவர்ஸ் போட்டதும்தான் விஷயம் வெளிவருகிறது. நேர் பின்னால் வரவேண்டிய படகு தன் பின்பகுதியை ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டு போகிறது. சுக்கான் நேராக இருக்கலாம், காற்றும் நீரோட்டமும் இல்லாதிருக்கலாம். ஆனாலும் போகிறது, ஒவ்வொரு தடவையும் அதே பக்கமாக.

இதை நான் நாகப்பட்டினத்தில், கடுவையாற்றுத் துறையில் பார்த்தேன். கடனில் வாங்கிய படகொன்றைப் பார்வையிடப் போன வங்கி அதிகாரியுடன், பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கூடப்போன குமாஸ்தா நான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அதற்கு முந்தின நாட்கள் அவை. படகுகளெல்லாம் திரும்பி வந்து கரையில் இடம் பிடித்துக்கொண்டிருந்தன. டீசல் போடும் இடத்திலிருந்து கட்டும் இடம்வரை எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். ஏற்கெனவே கட்டியிருந்த இரண்டு படகுகளுக்கு நடுவே, ஒரு படகின் நீளத்துக்குச் சற்று அதிகமான இடைவெளி. அறுபதை நெருங்கும் டிரைவர், முன்பகுதி கரையைச் சாய்வாகப் பார்த்தபடி இருக்க, மெல்ல உள்ளே வந்தார். இடிக்கப்போகிறது என்று நான் கம்பியைப் பிடித்துக்கொண்டபோது ரிவர்ஸ் போட்டார். ஒரு கணம்தான், உடனே நியூட்ரல். படகு நின்றது. பின்பகுதி தானாக இடப்புறம் நகர்ந்து கரையோடு ஒட்டிக்கொண்டது. சுக்கானை அவர் தொடவில்லை.

"நீங்க திருப்பவே இல்லையேண்ணே" என்றேன்.

"ரிவர்ஸ்ல இது இடதுபக்கந்தான் சார் போவும். எடமும் இடதுபக்கம் இருந்துச்சு. அது பாட்டுக்குப் போவட்டும்னு விட்டுட்டேன்."

"இடம் வலதுபக்கம் இருந்தா?"

"அப்பதான் சார் வேலை."

இந்தப் பக்க நகர்வுக்குக் காரணம் பழுது எதுவும் அல்ல. பெரும்பாலான ஒற்றை எஞ்சின் படகுகளில், பின்னாலிருந்து பார்த்தால், முன்னோக்கிப் போகும்போது புரொப்பெல்லர் கடிகார முள்ளின் திசையில் சுற்றும். ரிவர்ஸில் எதிர்த்திசையில் சுற்றும். அதன் தகடுகள் நீரை முன்னும் பின்னும் மட்டும் தள்ளுவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகின்றன. மேலிருக்கும் தகடு ஒரு பக்கம் தள்ளினால் கீழிருக்கும் தகடு மறுபக்கம் தள்ளுகிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிட வேண்டும், ஆவதில்லை. மேல்நீர் படகின் அடிப்பாகத்தாலும் காற்றுக் குமிழிகளாலும் கலங்கியிருக்க, கீழ்நீரில் தகட்டுக்குப் பிடி அதிகம். ஆகவே தரையில் உருளும் சக்கரம்போல் புரொப்பெல்லர் கொஞ்சம் பக்கவாட்டில் நடக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு நடை என்றே பெயர். எஞ்சினிலிருந்து வரும் தண்டு பின்பக்கமாகத் தாழ்ந்திருப்பதால் இறங்கும் தகடும் ஏறும் தகடும் நீரை ஒரே கோணத்தில் வெட்டுவதில்லை என்பதும் ஒரு காரணம். ரிவர்ஸில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: சுழன்றபடி முன்னோக்கிப் பாயும் நீர் படகின் வலப்புற அடிப்பாகத்தில் மோதி, பின்பகுதியை இடப்புறம் தள்ளுகிறது.

முன்னோக்கிப் போகும்போதும் எதிர்ப்பக்கமாக இந்த இழுப்பு கொஞ்சம் உண்டு. ஆனால் சுக்கான் இருப்பது புரொப்பெல்லருக்குப் பின்னால். தள்ளப்படும் நீர் அதன்மேல் பாய்கிறது. ஓட்டுகிறவன் தன்னையறியாமல் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்துகொண்டே போகிறான். ரிவர்ஸில் அந்த நீர் சுக்கானை விட்டு எதிர்த்திசையில் போய்விடுகிறது. பின்னோக்கி ஓரளவு வேகம் பிடித்த பிறகே சுக்கானுக்கு நீர் பிடிபடும். கரையோரத்தில் அந்த வேகத்துக்கு இடம் கிடையாது. ஆக, இழுப்பு பலமாக இருக்கும் தருணமும் அதைத் தடுக்கும் கருவி பயனற்றிருக்கும் தருணமும் ஒன்றாக இருக்கின்றன.

1836-ல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித்தும் ஜான் எரிக்ஸனும் இங்கிலாந்தில் தனித்தனியாகத் திருகு புரொப்பெல்லருக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1845-ல் பிரிட்டிஷ் கடற்படை, புரொப்பெல்லர் பொருத்திய ராட்லர் என்ற கப்பலையும் பக்கச் சக்கரங்கள் பொருத்திய அலெக்டோ என்ற கப்பலையும் பின்புறத்தோடு பின்புறமாகக் கட்டி இழுக்கவிட்டது. ராட்லர் மற்றதைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போயிற்று. பக்கச் சக்கரங்கள் இருபுறமும் ஒன்றுபோல் இருந்தவை. அவற்றுக்கு இந்தப் பக்கச்சாய்வு கிடையாது. மனிதன் கூடுதல் திறனைத் தேர்ந்தெடுத்தபோது சாய்வும் கூடவே வந்தது. அதை நீக்கவும் ஒரு வழி இருக்கிறது: இரண்டு எஞ்சின்கள், எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பெல்லர்கள். ஒன்றின் சாய்வை மற்றது ரத்துசெய்துவிடும். அதற்கு வசதி வேண்டும். நம்மில் பெரும்பாலோர் ஒற்றை எஞ்சின்காரர்கள்.

நடுநிலை என்றதும் நம் மனத்தில் வருவது தராசு. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்திலும் தராசு உவமையாக வருகிறது. நான் தராசைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் தராசு எங்கும் போவதில்லை. ஓரிடத்தில் தொங்கி, வைத்ததை நிறுக்கிறது. தீர்ப்புச் சொல்கிற மனிதனோ எங்கேயோ போய்க்கொண்டிருப்பவன். பிறந்த தெரு, படித்த படிப்பு, சேர்ந்திருக்கும் குழு, பழைய அவமானம் ஒன்று, இவை அவனைச் செலுத்துகின்றன. அவனைச் செலுத்தும் அதே விசைதான் அவனைப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. விசையை வைத்துக்கொண்டு சாய்வை மட்டும் கழற்றி எறிவது சாத்தியமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அரிஸ்டாட்டில் இதை அறிந்திருந்தார். நிகோமாகிய அறவியலின் இரண்டாம் புத்தகத்தில், ஒவ்வொருவனும் தான் எந்தப் பக்கம் எளிதில் இழுபடுகிறான் என்று கவனித்து, வளைந்த மரத்தை நிமிர்த்துகிறவர்கள் செய்வதுபோல் தன்னை எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும் என்கிறார். அறிவுரை சரியானது. உவமையில்தான் எனக்கு ஒரு தயக்கம். மரம் நிமிர்ந்தால் நிமிர்ந்ததுதான். புரொப்பெல்லரின் சாய்வு ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் பிறக்கிறது. நேற்று சரியாகக் கரை சேர்ந்ததால் இன்று அது குறைந்துவிடவில்லை.

இதையெல்லாம் நான் பொதுப்படையாகச் சொல்லிக்கொண்டு போக முடியாது. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில், ஒரு கவிஞரின் முதல் தொகுதியைப் பற்றி எழுதினேன். ஆங்கிலக் கவிதையின் மனநிலையை இரவல் வாங்கித் தமிழில் நடித்துக்காட்டுகிறார் என்பது என் வாதம். வேகமான கட்டுரை. படித்தவர்கள் சிலாகித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே தொகுதியை மறுபடி படிக்க நேர்ந்தது. இரவல் தொனி என்று நான் சொன்னது, நோயாளி இருக்கும் வீட்டில் மனிதர்கள் பேசும் தணிந்த குரல் என்று அப்போது புரிந்தது. ஆங்கிலம் படித்த நான் அங்கேயும் ஆங்கிலத்தையே கேட்டிருக்கிறேன்.

தவறை ஒப்புக்கொண்டு எழுதினேன். நான்கு பக்கங்கள். அதில் என் தவறுக்கு ஒரு பத்தி. மீதியில், நான் அப்படிப் படிக்க நேர்ந்ததற்கு எங்கள் தலைமுறைக்குக் கிடைத்த விமர்சன அளவுகோல்களே காரணம் என்றும், அவற்றை எங்களுக்குத் தந்த மூத்த விமர்சகர் ஒருவரின் பார்வை குறுகியது என்றும் விளக்கியிருந்தேன். பொய் எதுவும் எழுதவில்லை. நேர்மையான சுயவிமர்சனம் என்று நண்பர்கள் சொன்னார்கள். அந்த மூத்தவர் எனக்குப் புத்தகங்கள் தந்து படிக்கவைத்தவர். மாதம் ஒரு கடிதமாவது எழுதுவார். அதற்குப் பிறகு எழுதவில்லை. கவிஞரிடமிருந்தும் பதில் இல்லை. தன்னிடம் கேட்கப்பட்ட மன்னிப்பில் தனக்கு ஒரு பத்தி இடம்தான் இருந்தது என்பதை அவர் கவனித்திருப்பார்.

முதல் கட்டுரையில் என் சாய்வு யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். அங்கே வேகம் இருந்தது. வாதம், மேற்கோள், நடை என்று சுக்கானுக்கு வேண்டிய நீர் கிடைத்துக்கொண்டிருந்தது. பின்வாங்கியபோதுதான் நான் யார் என்று தெரிந்தது. பின்வாங்கும்போது நான் பிறர்மேல் சாய்கிறவன். அதுவும் யார் பக்கத்தில் இருக்கிறாரோ, யாருக்கு அதிகம் கடன்பட்டிருக்கிறேனோ, அவர்மேல்.

படகுக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை, மனிதனுக்கு உண்டு, ஆகவே ஒப்புமை செல்லாது என்று சொல்லலாம். ஆனால் அந்த மூத்தவரைத் தாக்கும் விருப்பம் எனக்கும் இருக்கவில்லை. என் நோக்கம் பின்வாங்குவது மட்டுமே. நோக்கத்தை வைத்து அறத்தை அளக்கிறவர்கள் என்னை விட்டுவிடுவார்கள். விளைவை வைத்து அளக்கிறவர்கள் தண்டிப்பார்கள். இரண்டும் எனக்குத் திருப்தி தரவில்லை. பக்கத்துப் படகை இடித்துவிட்டால் யார் பொறுப்பு என்று அன்று டிரைவரிடம் கேட்டிருந்தேன். "தெரியாதவன் இடிச்சா சொல்லிக் குடுப்போம் சார். தெரிஞ்சவன் இடிச்சா பலகைக்குக் காசு வாங்கிடுவோம்" என்றார். சாய்வு குற்றம் அல்ல. அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அது போய் முட்டும் இடத்துக்கு நான் பொறுப்பு. அறிவு இங்கே விடுதலை தருவதில்லை, கணக்கைத் தொடங்கிவைக்கிறது.

நம் சூழலில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. என் சார்பு இன்னது என்று முதல் பத்தியில் அறிவித்துவிட்டால் மீதிப் பத்திகளுக்கு அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டதாக எண்ணுகிறோம். என் படகு இடப்புறம் போகும் என்று உரக்கச் சொல்லிவிட்டு இடிப்பவனிடம் துறையில் யாரும் காசு வாங்காமல் விடமாட்டார்கள். இன்னொரு வழி, இடப்புறம் உள்ள இடங்களாகப் பார்த்துக் கட்டிக்கொண்டிருப்பது. நம் சாய்வு எவரிடம் கொண்டு சேர்க்கிறதோ அவரைப் பற்றியே எழுதி, அதன் லாகவத்தை நடுநிலை என்று நினைத்துக்கொள்வது. இதைச் செய்து வாழ்நாள் முழுவதும் யாரையும் இடிக்காமல் இருக்கலாம். ஆனால் தடைக்காலத்துக்கு முந்தின நாளில் இடம் எந்தப் பக்கம் காலியாக இருக்கும் என்று நாம் தீர்மானிக்க முடியாது.

இடம் வலப்புறம் இருந்தால் என்ன செய்வார் என்பதையும் அவர் சொன்னார். கரைக்குக் கிட்டத்தட்ட இணையாக, இன்னும் மெதுவாக வருவார். ரிவர்ஸ் போடுவதற்கு முன் சுக்கானை இடப்புறம் திருப்பி முன்னோக்கிச் சின்னதாக ஓர் உந்தல். முன்பகுதி கரையை விட்டு விலக, பின்பகுதி கரையை நோக்கி அசையத் தொடங்கும். அந்த அசைவு இருக்கும்போதே ரிவர்ஸ், ஒரு கணம். அசைவு வலப்புறம், இழுப்பு இடப்புறம். ஒன்றையொன்று தின்றுவிடப் படகு நின்றுவிடும். அதற்கும் இடமில்லையென்றால் முன்பகுதியிலிருந்து கரைக்கு ஒரு கயிறு. கரையில் இருப்பவன் அதைப் பின்தள்ளி இருக்கும் தூணில் மாட்டுவான். சுக்கானைக் கரைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி மெல்ல முன்னோக்கி ஓட்டினால், கயிறு படகைப் போகவிடாமல் பிடித்துக்கொள்ள, பின்பகுதி கரைக்கு வந்து சேரும். கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும். ஓட்டுகிறவன் தானாகச் செய்துகொள்ள முடியாது.

அந்த இரண்டாவது கட்டுரையை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அந்த மூத்தவரிடம் நான் பெற்றது என்ன என்பதை, ஒரு வரி எழுதுமுன் எனக்கே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு, இந்தத் தொகுதியை நான் கவனமின்றிப் படித்தேன், இன்ன இடத்தில் தவறினேன் என்று ஒரு பத்தி. அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். நான்கு பக்கம் பின்வாங்க அங்கே இடம் இருக்கவில்லை. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவரிடமே காட்டியிருக்கலாம். கயிற்றை வீசியிருந்தால் அவர் பிடித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.