மௌத்தானவர்களுக்குச் செய்தி போகுமா?

எங்கள் பாலமுனையில் மையவாடியைக் கடக்கும்போது ஸலாம் சொல்லாமல் போகிறவர் குறைவு. மோட்டார் சைக்கிளில் பறக்கிற இளந்தாரிகூட உதட்டுக்குள் முணுமுணுத்துவிட்டுத்தான் போவான். கேட்கிறவருக்குத்தானே ஸலாம் சொல்வது? 1350இல் காலமான டமஸ்கஸ் அறிஞர் இப்னுல் கையிமும் இதைத்தான் கேட்டார். உணராதவருக்கு ஸலாம் சொல்வது பொருளற்றது, ஆகவே கப்றில் உள்ளவர் தன்னைத் தேடி வருகிறவரை அறிகிறார் என்று ‘கிதாபுர் ரூஹ்’ நூலில் வாதிட்டார்.

ஆனால் இந்த விவாதம் அவரைவிடப் பழையது. பத்ர் போரில் கொல்லப்பட்ட குறைஷித் தலைவர்களைப் போட்ட கிணற்றருகே நின்று நபியவர்கள் பெயர் சொல்லிப் பேசினார்கள். உயிரற்ற உடல்களோடா பேசுகிறீர்கள் என்று உமர் (ரழி) வியந்தார். நீங்கள் கேட்பதுபோலவே அவர்களும் கேட்கிறார்கள், பதில் சொல்லத்தான் முடியாது என்று நபியவர்கள் சொன்னதாக ஓர் அறிவிப்பு. ஆயிஷா (ரழி) அதை ஏற்கவில்லை. அவர்கள் உண்மையை இப்போது அறிந்துகொண்டார்கள் என்றுதான் நபியவர்கள் சொன்னார்கள் என்றார். மரித்தோரை நீர் கேட்கச் செய்ய முடியாது என்ற பொருள்படும் குர்ஆன் வசனத்தையும் எடுத்துக் காட்டினார். நபித்தோழர்களுக்குள்ளேயே கருத்து இரண்டாக இருந்திருக்கிறது. கப்றருகே மையித்துக்குச் சொல்லிக்கொடுக்கும் தல்கீன் ஓதலாமா, மௌத்தானவருக்காக ஓதும் கத்தம் கூடுமா என்று நம் ஊர்களில் ஒலிபெருக்கி வைத்து அடித்துக்கொள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

என் உம்மம்மாவுக்கு இந்த வாதமெல்லாம் தெரியாது. வெள்ளி இரவில் ரூஹுகள் வீட்டு வாசலுக்கு வரும் என்பது அவரது உறுதி. மஃரிபுக்கு முன் முற்றத்தைக் கூட்டிவிடுவார், அன்றைக்கு வீட்டில் யாரும் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாளாவது எங்கள் வீடு அமைதியாக இருந்ததற்கு ஆதாரமில்லாத அந்த நம்பிக்கைதான் காரணம்.

கேள்வி சும்மா கேட்கிறதாக இல்லாமல் நெஞ்சைப் பிடித்த காலங்கள் இரண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். உடல் கிடைக்காதவர்களுக்கு மையவாடி ஏது, மீசான் கட்டை ஏது? மற்றது கொரோனா. 2020 ஏப்ரலில் அதில் மௌத்தானவர்களை எரிப்பதை அரசாங்கத்தார் கட்டாயமாக்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தும் கேட்கவில்லை. பிறந்து 20 நாளான குழந்தையைக்கூட விடவில்லை. பொரளை தகனசாலை வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க விட்டார்கள். ஒரு வருடத்தில் 3,600க்கும் மேற்பட்டவர்கள், பிற மதத்தவர்களும் சேர்த்து, அங்கே புதைக்கப்பட்டார்கள். எரித்ததற்காக அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில். எரித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஊரில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: உடம்பு எரியும்போது அவருக்குத் தெரிந்திருக்குமா? கடலில் போனவரும் நெருப்பில் போனவரும் மரணத்துக்கும் மறுமைக்கும் இடைப்பட்ட பர்ஸக் வாழ்வுக்கு வெளியே போவதில்லை, அது மண்ணோடு கட்டுப்பட்டதல்ல என்று ஆலிம்கள் ஆறுதல் சொன்னார்கள். முற்கால இமாம்களும் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. மௌத்தானவர்களுக்கு எல்லாம் தெரிந்தால் அது அவர்களுக்கு நல்லதா? வாப்பா கண்மூடிய வருடத்திலேயே பிள்ளைகள் காணி எல்லைக்காகக் கோர்ட்டுக்குப் போன வீடுகள் இங்கே உண்டு. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது சுவர்க்கமாகுமா? பயமும் துக்கமும் அங்கே இல்லை என்கிறது குர்ஆன். ஒன்றுமே தெரியாது என்று முடிக்கவும் மனம் வரவில்லை. ஷஹீதுகள், தங்களை இன்னும் வந்து சேராதவர்களை நினைத்து மகிழ்கிறார்கள் என்றும் அதே குர்ஆன் சொல்கிறதே.

மௌத்து வீட்டில் நாம் ஓதுகிற யாசீனிலேயே ஒருவர் இருக்கிறார். ஊரின் கோடியிலிருந்து ஓடி வந்து, தூதர்களைப் பின்பற்றுங்கள் என்று சொன்ன மனிதர். தஃப்ஸீர்காரர்கள் ஹபீபுந் நஜ்ஜார் என்று பெயர் சொல்வார்கள். சொந்த ஊராரே அவரைக் கொன்றார்கள் என்பார்கள். சுவர்க்கத்தில் நுழை என்று சொல்லப்பட்டதும் அவர் என்ன நினைத்தார்? தன்னைக் கொன்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை. இறைவன் தன்னை மன்னித்துக் கண்ணியப்படுத்தியது அவர்களுக்குத் தெரிந்தால் எவ்வளவு நல்லது என்று ஆசைப்பட்டார். நம் செய்தி அங்கே போகுமா என்று நாம் தவிக்க, அங்கே ஒருவர் தன் செய்தி இங்கே வராதா என்று தவித்திருக்கிறார். இத்தனை வருடம் ஓதியும் இந்த இடத்தை நின்று யோசித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

போன போகத்தில் எங்கள் சாச்சி கேட்டார்: “புள்ளைக்குக் கம்பஸ் கெடச்சது அவருக்குத் தெரிஞ்சிருக்குமா மனே?” சாச்சா மௌத்தாகி இரண்டு வருடம். நான் பத்ரையும் யாசீனையும் சொன்னேன். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டிருந்தார். “சரி, அது அல்லாஹ்ட வேல” என்றவர், உழவு மெஷின்காரனுக்குச் சாச்சா வைத்துவிட்டுப் போன கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கணக்குப் பார்க்கச் சொன்னார். கடன் தீரும்வரை முஃமினின் ஆன்மா அதில் தொங்கி நிற்கும் என்ற ஹதீஸில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அறுவடைக் காசில் பாதியைக் கட்டிவிட்டோம். மீதி அடுத்த போகத்துக்கு.