யாரை அஞ்சுகிறோம்?

2019-ஆம் ஆண்டு பெரிய வெள்ளியை ஒட்டியே சித்திரைப் பௌர்ணமியும் வந்தது. கிரிவலம் வந்த கூட்டம் கலைந்து, திருவண்ணாமலை தன் இயல்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலி முடிந்து நின்ற நமக்கு இலங்கைச் செய்தி எட்டியது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், கொழும்பின் விடுதிகள். மாண்டோர் 250-க்கும் மேற்பட்டோர். "இவர்கள் எல்லாருமே இப்படித்தான்" என்று நம்மிடையே ஒரு குரல் எழுந்தது. நாம் எவரும் மறுக்கவில்லை. அந்த மௌனமே நம்மை இன்றளவும் உறுத்துகிறது.

கொலைக்கு வித்திட்ட கொள்கையைப் பெயர் சொல்லிக் கண்டிப்பது வெறுப்பாகாது. சமயத்தை ஆட்சியதிகாரத்தின் வாளாக்கும் அரசியல் இஸ்லாமியத்தின் கொடிய வடிவத்தையே காத்தான்குடி சஹ்ரான் ஹாசிம் போதித்தார். அவரை முன்னரே எதிர்த்தவர்களும் அவ்வூர் முஸ்லிம்கள்தாம். 2017-இல் சூஃபி வழியினரோடு அவர் குழு மோதியது.

பின்னர் நீர்கொழும்பில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம். பாகிஸ்தானிலிருந்து அடைக்கலம் தேடி வந்த நூற்றுக்கணக்கானோர் அங்கு வாடகை வீடுகளில் வாழ்ந்தனர். பெரும்பாலோர் அகமதியாக்கள், கிறிஸ்தவர்களும் இருந்தனர். அகமதியாக்கள் முஸ்லிம்கள் அல்லர் என்று பாகிஸ்தான் 1974-இல் தன் அரசியல் சட்டத்தில் எழுதியது. தம்மை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்வதையே 1984-இல் குற்றமாக்கியது. நாம் எதை அஞ்சுகிறோமோ, அதற்கே அஞ்சி ஓடிவந்தவர்கள் அவர்கள். குண்டு வெடித்த சில நாள்களில் அந்த வீடுகளிலிருந்து விரட்டப்பட்டு, பள்ளிவாசலிலும் காவல் நிலையத்திலும் ஒதுங்கினர். முஸ்லிம் அல்லர் என்று பிறந்த மண்ணில் துரத்தப்பட்டவர்கள், முஸ்லிம் என்று இங்கே துரத்தப்பட்டார்கள்! உடன் வந்த கிறிஸ்தவருக்கும் அதே கதிதான். ஐயத்துக்கு முகம் பார்க்கும் பொறுமை ஏது?

பிள்ளைகளைப் புதைத்த மக்களிடம் அன்றே நிதானம் கேட்பது எளிதன்று. பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் மால்கம் ரஞ்சித் வேண்டியும், மே மாதத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. அங்கே துயரமேனும் இருந்தது. எதையும் இழக்காத நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

மறுநாள் கடைத்தெருவில், நமக்கு நெடுநாள் பழக்கமான பாய் ஒருவர் அரிசியை நிறுத்துக்கொண்டே, உங்கள் உறவினர் எவரேனும் இலங்கையில் இருக்கிறார்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை என்றோம். அல்லாஹ் காப்பாற்றினான் என்றார். முந்தின நாள் நம்மிடையே எழுந்த சொல் நினைவுக்கு வந்தது. சில்லறையை எண்ணாமலே வாங்கிக்கொண்டு நடந்தோம்.